ஒரே விரிப்பில் கூட்டாஞ்சோறு

பெங்களூரு சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒட்டி நிற்கும் தூய மரியன்னைப் பேராலயத்தில் ஆகஸ்டு 29 அன்று கொடியேறிச் செப்டம்பர் 8 அன்று நிறைவுறும் திருவிழாவுக்கு, சேலை உடுத்திய மாதாவைக் காண இஸ்லாமியரும் வருவதுண்டு. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யமின் பெயரையே தாங்கியிருப்பதை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது.

ஆயினும் கூட்டத்தில் தோள் உரசுவது வேறு, அமர்ந்து உண்பது வேறு. உணவு கொண்டுசெல்ல அனுமதியுள்ள ஒரு பூங்காவுக்கு இரு சமூகக் குடும்பங்களும் சேர்ந்து சென்று உண்ணும் கூட்டாஞ்சோறு, அதாவது ஆளுக்கொரு பண்டம் கொணர்ந்து பகிரும் உணவு, அந்த இடைவெளியைக் குறைக்கவல்லது. ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கூடுவதும், தொழுகை நேரத்துக்கு இடம்விடுவதும், இறைச்சி ஹலாலாக, அதாவது இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்பட்டதாக, இருப்பதும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டியவை.

தமிழ் முஸ்லிம்களிடையே பலர் சுற்றியமர்ந்து ஒரே பெரிய தட்டில் உண்ணும் ‘சஹன்’ வழக்கம் இங்கு பெரிதும் பொருந்தும்: நெய்ச்சோற்றின் நடுவே குழம்பை ஊற்றி, அவரவர் தம் பக்கத்திலிருந்து அள்ளும்போது, நல்ல இறைச்சித் துண்டை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவதே அங்கு மரியாதை. திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயமான ‘அல்மாயிதா’வின் பெயரும் உணவு விரிப்பையே குறிக்கிறது, அதை வானிலிருந்து இறக்கித் தருமாறு வேண்டியவர்கள் ஈசா நபியின், அதாவது இயேசுவின், சீடர்களே.