கட்டவிழ்க்கும் கரங்கள்



மும்பையில் எங்கள் சபைக்கு ஒரு சகோதரர் பதினைந்து வருஷக் குடிப்பழக்கத்தோடு வந்தார். ஓர் உபவாச ஜெபத்தில் கண்ணீரோடு தம்மை ஒப்புக்கொடுத்தார். மூன்றாம் வாரமே நான் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் செய்தேன். சபையார் கரம்தட்டி தேவனை மகிமைப்படுத்தினார்கள். இரண்டாம் மாதத்தில் அவர் மறுபடியும் விழுந்தார். அதன்பின் ஆராதனைக்கு வரவேயில்லை. "சாட்சி சொன்ன இடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?" என்று மனைவியிடம் சொன்னாராம். எழும்பினதைச் சொல்ல எங்கள் சபையில் மேடை இருந்தது. விழுந்ததைச் சொல்ல ஓர் மூலைகூட இல்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பின் அவர் தெளிந்த முகத்தோடு என்னைக் காண வந்தார். உடன் வேலை செய்யும் ஒருவர் அவரை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. கூட்டத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். "ஜெபம் போதாதா, தம்பி?" என்று சற்றே கசப்போடு கேட்டேன். "ஐயா, நீங்களே ஒருநாள் வந்து பாருங்கள்" என்றார். போனேன்.

அங்கே நான் கண்டது

ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சுமார் இருபது பேர், கையில் தேநீர். ஒவ்வொருவராய்த் தம் பெயரை மட்டும் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று அறிக்கையிட்டு, முன்பு எப்படியிருந்தோம், இன்று எப்படியிருக்கிறோம் என்று பேசினார்கள். ஒருவரும் குறுக்கிடவில்லை, புத்திமதி சொல்லவுமில்லை. முந்தின இரவு குடித்துவிட்ட ஒருவர் நடுங்கிக்கொண்டு அதைச் சொன்னபோது, "மறுபடியும் வாருங்கள்" என்றார்கள். என் தலை கவிழ்ந்தது.

இந்த ஐக்கியம் 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியது. பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரும், குடியால் நொறுங்கிய இருவராய்ச் சந்தித்து, ஒருவருக்கொருவர் துணையானார்கள். ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் அவர்கள் கற்ற பாவ அறிக்கையும், பிறருக்குச் செய்த தீங்கை ஈடுசெய்தலும் அதன் பன்னிரண்டு படிகளில் இடம்பெற்றன. இந்தியாவுக்கு இது 1957-ல் வந்தது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஏ.ஏ.வில் பங்குபெறச் செய்யும் முறைகள் முற்றிலும் குடியாமல் நிலைத்திருக்கப் பிற சிகிச்சைகளைவிட அதிகம் உதவுவதாகக் கண்டது.

"அங்கே இயேசுவின் நாமம் சொல்லப்படுவதில்லையே" என்பீர்கள். உண்மைதான். தேவனை அவரவர் அறிந்தபடி நோக்க அங்கே இடம் உண்டு. ஆகவே நீங்கள் யாரை நோக்கி ஜெபிக்கிறீர்கள் என்பதை ஒருவரும் தடைசெய்வதில்லை. அது சபைக்கு மாற்று அல்ல. லாசருவை நினைத்துப்பாருங்கள். உயிர் கொடுத்தவர் ஆண்டவரே. ஆனால் பிரேதக் கட்டுகளை அவிழ்க்கும் வேலையைச் சுற்றி நின்றவர்களிடம் அல்லவா ஒப்படைத்தார்? ஜீவன் ஒரு நொடியில் வந்தது. கட்டுகளை அவிழ்க்கவோ மனுஷருடைய கரங்கள் வேண்டியிருந்தன.

எப்படிச் செல்வது?

முதலாவது, ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ உங்கள் பகுதிக் கூட்டத்தை விசாரியுங்கள். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ம் இலவசமாய் வழிகாட்டும்.

இரண்டாவது, கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது, அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேளுங்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் போதகரும் போகலாம். மூடியது குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

மூன்றாவது, ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். 90 நாட்களில் 90 கூட்டங்கள் என்பது அங்கே புதியவர்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான ஆலோசனை.

நான்காவது, சகோதரிகளே, உங்களுக்கும் உதவி உண்டு. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் 1951 முதல் இயங்குகின்றன. கணவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

ஓர் எச்சரிப்பு

பல வருஷங்கள் தினமும் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாட்களில் கடும் நடுக்கமும், இல்லாததைக் காண்பதும், மதிமயக்கமும் உண்டாகலாம். சிகிச்சையின்றி உயிரே போகலாம். இதைப் பிசாசின் பிடி என்று எண்ணி, அறையில் வைத்துப் பூட்டித் தண்ணீரில்லாமல் உபவாசிக்கச் செய்யாதிருங்கள். முதலில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கட்டிலருகே இருந்து ஜெபியுங்கள்.

உடன் ஊழியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாய் விடுபட்டவரைச் சாட்சிக்கென்று அவசரப்படுத்தாதிருங்கள். திருவிருந்தில் புளிக்காத திராட்சைரசமே இருக்கட்டும். விழுந்தவர் வந்தால், முதல் கேள்வி "ஏன்?" என்றிருக்க வேண்டாம், "சாப்பிட்டாயா?" என்றிருக்கட்டும்.

அந்தச் சகோதரரை மறுபடியும் சாட்சி சொல்ல அழைத்தேன். "ஐயா, இன்றைக்குக் குடிக்கவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்" என்றார். இன்று ஆராதனை முடிந்ததும், புதிதாய் வந்த ஓர் இளைஞனைத் தம்மோடு கூட்டிக்கொண்டு அதே வகுப்பறைக்குப் போகிறார். கட்டவிழ்க்கப்பட்ட கரங்கள் இன்னொருவரைக் கட்டவிழ்க்கின்றன.

உங்கள் வீட்டிலும் அப்படிக் கட்டப்பட்ட ஒருவர் இருந்தால், வெட்கத்தால் கதவை மூடிக்கொள்ளாதிருங்கள். இந்த வாரமே ஒருவரிடம் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பத்துக்குச் சமாதானம் அருளுவாராக.