பாட்டுக் கேட்கச் சென்ற பேராசிரியர்

மோர்டன் பாதாள ரயில் நிலையத்தில் அதிகாலையில் நின்றால் எம்மவரைக் காணலாம். இரவு வேலை முடித்துத் திரும்புவோர் ஒருபுறம். காலை வேலைக்கு விரைவோர் மறுபுறம். பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்றே எம்மைப் பலர் நோக்குகின்றனர். மலையக மக்களை ஒருகாலம் நாமும் அவ்வாறுதான் நோக்கினோம்.

இவ்விரு பயணங்களையும் ஆராய்ந்தவர், இலங்கையில் பிறந்த மானிடவியல் அறிஞர் வலன்ரைன் டானியல். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, மிச்சிகன், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக விளங்கியவர். தமிழகக் கிராமமொன்றில் தங்கி, ஊருக்கும் மனிதனுக்குமுள்ள உறவை ஆராய்ந்து அவர் எழுதிய முதல் நூல் 1984இல் வெளிவந்தது.

1983இல் தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் திரட்ட இலங்கை சென்றார். ஆடிக் கலவரம் நடந்து முடிந்த வேளை அது. பாடுவதற்கு எவருக்கும் மனமிருக்கவில்லை. பாட்டுக் கேட்கச் சென்றவர் துயரத்தைக் கேட்டுத் திரும்பினார். அதன் விளைவே 1996இல் வெளிவந்த, 'கருகிய தாலாட்டுகள்' எனப் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல்.

அந்நூல் தேயிலை மலையோடு நின்றுவிடவில்லை, பிரித்தானியாவுக்கும் வருகின்றது. இங்கு வந்த ஈழத்தமிழரை அவர் மூன்று அலைகளாகக் காண்கின்றார். முதலில் வசதிபடைத்த, ஆங்கிலம் கற்ற உயர்குடியினர், அடுத்து மாணவர்கள், இறுதியாகப் புகலிடம் கோரி வந்த அகதிகள். ஒரே இனத்தவராயினும் இவர்களது தாயக நினைவு ஒன்றல்ல என்பது அவர் கண்ட உண்மை. 1995இல் நோர்வே அறிஞர் ஒருவருடன் இணைந்து அவர் தொகுத்த நூலின் பொருளோ, அகதியைச் சூழ்ந்திருக்கும் அவநம்பிக்கை.

1820கள் தொடக்கம் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்து வரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கெனக் கணக்கிட்டது. அரசர்களின் ஆண்டுகளை மனனம் செய்வித்த எம்மைப் போன்ற ஆசிரியர்கள், வகுப்பறையில் இவற்றை எத்தனை முறை எடுத்துரைத்தோம்? வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்: மிகச் சொற்பமே.

அப்பிழையை எமது வீட்டிலும் செய்யலாமா? நாம் வந்த கதையைச் சட்டத்தரணியிடம் சொன்னோம்; குடிவரவு அதிகாரியிடம் சொன்னோம். பிள்ளைகளிடம் சொன்னோமா? வழக்குக் கோப்பில் உறங்கும் அக்கதையை வீட்டு மேசைக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும். கேட்பதற்குப் பேராசிரியர் ஒருவர் வருவாரெனக் காத்திருத்தல் வேண்டாம்.