சிக்னல்ல நின்னா மட்டும் கார் உதறுதா? 'பிளக் மாத்துனா போதும்'னு நம்புறதுக்கு முன்னாடி இந்த எண்களைப் பாருங்க

செகண்ட் ஹேண்ட் கார் ஒன்றை ஓட்டிப் பார்க்கிறீர்கள். 80-ல போகும்போது ஒரு குறையும் இல்ல. ஆனா சிக்னல்ல நின்னா ஸ்டீயரிங் லேசா உதறுது, ஆர்பிஎம் முள் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. "பிளக் மாத்துனா சரியாகிடும் சார், சின்ன செலவுதான்" என்கிறார் விற்பவர்.

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே உதறலுக்கு எரிந்துபோன வால்வு காரணமாக இருந்தால், ஹெட்டை இறக்கி வேலை பார்க்க வேண்டும். முன்னது சில நூறு ரூபாய், பின்னது பல ஆயிரம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மிஸ்ஸிங் என்றால் என்ன நடக்கிறது?

மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வதுதான் மிஸ்ஃபயர். சிலிண்டருக்குள் போன பெட்ரோலும் காற்றும் எரியவில்லை, அல்லது அரைகுறையாக எரிந்தது என்று அர்த்தம். சின்னதா ஒரு கணக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டர் எரியும். ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால், ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 400 முறை. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,600, அதாவது நொடிக்கு கிட்டத்தட்ட 27. இதில் ஒன்று தவறினாலும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு கணம் மெதுவாகும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் காரின் கம்ப்யூட்டர் சென்சார் வழியாக எண்ணிக்கொண்டே இருக்கிறது.

ஆல்டோ கே10, க்விட், டியாகோ போன்றவற்றில் இருப்பது மூன்று சிலிண்டர் என்ஜின். அவை ஐடிலில் கொஞ்சம் அதிரத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். அந்த அதிர்வு ஒரே சீராக இருக்கும். நடுநடுவே தாளம் தப்பினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, வேகமா போகும்போது ஏன் தெரியல? ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்று ரொம்பக் குறைவு. ஒரு ரப்பர் ஹோஸில் சின்ன விரிசல் இருந்தால், அதன் வழியே வரும் காற்று மொத்தத்தில் பெரிய பங்காகிவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அதே கசிவு ஒரு பொருட்டே இல்லை. வால்வு சரியாக மூடாத சிலிண்டரும் இப்படித்தான்: மெதுவாகச் சுழலும்போது அழுத்தம் கசிய நேரம் கிடைக்கிறது, வேகத்தில் அந்த நேரம் இல்லை. அதனால 'ஹைவேல சூப்பரா போகுது'ங்கிறதை என்ஜின் நல்லா இருக்குன்னு சொல்ற சான்றிதழா எடுத்துக்காதீங்க.

ஸ்கேனரை மாட்டுங்க, ஆனா கோடை மட்டும் பார்க்காதீங்க

பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலில் இருந்து ஓபிடி-2 கட்டாயம். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்த சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரை மாட்டினால், மொபைல் ஆப்பிலேயே எல்லாம் தெரியும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்றில்லாமல் பல சிலிண்டர்களில் மாறிமாறி வருகிறது.

கோடு எதுவும் இல்லையா? உடனே சந்தோஷப்படாதீங்க. விற்பதற்கு முன் ஸ்கேனரில் 'கிளியர்' அழுத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் அழித்ததற்கான தடயமும் உள்ளேயே இருக்கும். 'கோடு அழித்தபின் ஓடிய தூரம்' என்ற அளவைப் பல கார்கள் காட்டும். அது 6 கிலோமீட்டர் என்று வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ துடைத்திருக்கிறார்கள். 'ரெடினஸ் மானிட்டர்' பகுதியில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று இருந்தாலும் இதே சந்தேகம்தான் (பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி வரும், காரணத்தைக் கேளுங்கள்). சாவியை ஆன் செய்ததும் செக் என்ஜின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் லைட்டையே முடக்கியிருக்கலாம்.

இன்னொன்று: நீங்க வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிடுங்க. குளிர்ந்த என்ஜினில் மட்டும் தலைகாட்டும் மிஸ்ஸிங் சூடானதும் மறைந்துவிடும்.

எந்த பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குப் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை. பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதிலும், அதனுடையதை இதிலும் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302 அப்படியே நின்றால் அடுத்து பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற வேண்டும். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் வண்டி சரியாகலாம், எதனால் சரியானது என்பது கடைசிவரை தெரியாது, பில் மட்டும் தெரியும்.

பி0300 வந்தால் தனி பிளக்கைத் தேடுவதில் அர்த்தமில்லை, எல்லா சிலிண்டருக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். ஆப்பில் 'ஃபியூயல் ட்ரிம்' பாருங்கள். பெட்ரோலை எவ்வளவு கூட்ட, குறைக்க வேண்டியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும் சதவீதம் அது. பூஜ்ஜியத்தை ஒட்டி இருப்பது நல்லது. ஐடிலில் +20, ஆனால் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +3 என்று இறங்கினால், எங்கோ காற்று கசிகிறது. மாறாக, வேகம் கூடக்கூட எண்ணும் ஏறினால் ஃபியூயல் பம்ப் அல்லது ஃபில்டர் பக்கம் பாருங்கள். (காற்றை அளக்க மேப் சென்சாரை மட்டும் நம்பும் என்ஜின்களில் கசிவு இப்படித் தெளிவாகத் தெரியாது. அங்கே ஐடில் ஆர்பிஎம் வழக்கத்தைவிட ஏறி நிற்கும்.) திராட்டில் பாடியில் கார்பன் படிந்திருந்தாலும் ஐடில் தடுமாறும். சுத்தம் செய்தால் சரியாகும், பெரிய விஷயமில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் அடம்பிடித்தால், கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். நல்ல பெட்ரோல் என்ஜினில் பெரும்பாலும் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரும். அந்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். மூன்றில் 175, ஒன்றில் மட்டும் 110 என்றால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

டெல்லி, மும்பை, புனே பக்கம் சிஎன்ஜி கார் பார்ப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சிஎன்ஜியைப் பற்றவைக்க பெட்ரோலைவிட வலுவான ஸ்பார்க் தேவை, அதனால் காயிலும் பிளக்கும் பலவீனமானால் முதலில் சிஎன்ஜியில்தான் மிஸ்ஸிங் தெரியும். பெட்ரோலுக்கு மாற்றியதும் உதறல் நின்றால் ஓரளவு நிம்மதி, கிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் உதறினால் வால்வு இடைவெளியை, அதாவது டேப்பெட்டை, அளக்கச் சொல்லுங்கள். கேஸில் ஓடும் என்ஜினில் வால்வு சீட் தேயத்தேய அந்த இடைவெளி குறைந்து, வால்வு முழுசாக மூடாமல் போகும்.

ஏற்கெனவே வாங்கியாச்சா? செக் என்ஜின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வொர்க்‌ஷாப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்த பாகத்தின் விலையைக் கேட்டால், காயில் விலை ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.