உள் லூப்பிலிருந்து வெளியே வருவது எப்படி?



1729 என்றாலே ராமானுஜன் ஞாபகம் வரும். 1887-ல் ஈரோட்டில் பிறந்த மேதை அவர். லண்டனில் உடம்பு சரியில்லாமல் இருந்தபோது பேராசிரியர் ஹார்டி பார்க்க வந்தார். வந்த டாக்ஸியின் எண் 1729, அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்றார். உடனே ராமானுஜன், இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் இதுதான் என்றார்.

அதில் ஒரு விதத்தை மட்டும் பைத்தானில் தேடுவோமா? இதுக்கு லூப்புக்குள்ள லூப் வேணும். வெளி லூப் முதல் எண்ணை 1 முதல் 12 வரை எடுக்கும். உள் லூப் அந்த எண்ணிலிருந்து 12 வரை எடுக்கும். (13-ன் கனம் 2197, தாண்டிடும்.) மொத்தம் 78 ஜோடி.

விடை கிடைச்சதும் நிறுத்த ‘பிரேக்’ போடுவோம். இங்கேதான் சிக்கல்! கோவிலில் உள் பிரகாரத்தை விட்டு வந்தால் தெருவுக்கா வருவோம்? வெளிப் பிரகாரத்துக்குத்தானே! பிரேக்கும் அப்படித்தான், ஒரு லூப்பை மட்டும் விடும். 1, 12 கிடைத்த பிறகும் வெளி லூப் 2, 3 என்று ஓடி 9, 10-ஐயும் காட்டும். ஒரு விடை கேட்டால் இரண்டு வருது! 76 ஜோடியைப் பார்த்த பிறகுதான் நிற்கும்.

வழி 1: விடை கிடைத்ததும் ‘கிடைத்தது = ட்ரூ’ என்று குறித்துவிட்டு பிரேக். வெளி லூப்பில் அதைப் பார்த்து இன்னொரு பிரேக்.

வழி 2: இரண்டு லூப்பையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து ‘ரிட்டர்ன்’ போடுவது. நேரா கோபுர வாசல்!

டெஃப் தேடு():
    ஃபார் அ இன் ரேஞ்ச்(1, 13):
        ஃபார் ஆ இன் ரேஞ்ச்(அ, 13):
            இஃப் அ**3 + ஆ**3 == 1729:
                ரிட்டர்ன் அ, ஆ
பிரிண்ட்(தேடு())

(டெஃப், ஃபார் போன்றவற்றை கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடிக்கணும். ரேஞ்சில் 13 என்றால் 12 வரைதான்.)

இப்போ 12 ஜோடியிலேயே வேலை முடிஞ்சுது!

ஜாவாவில் லூப்புக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே பிரேக் போடலாம். பைத்தானிலும் அது வேணும் என்று 2007-ல் ஒரு கோரிக்கை வந்தது. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் மறுத்துவிட்டார். அவ்வளவு சிக்கல் அபூர்வம், பெரும்பாலும் ரிட்டர்ன் போன்ற வழிகளே போதும் என்பது அவர் கருத்து.

நீங்களும் செய்து பாருங்கள்: 4104-ம் இதே மாதிரி எண்தான். ரேஞ்ச் எதுவரை வேணும்? எத்தனையாவது ஜோடியில் ரிட்டர்ன் ஆகும்? விடை அடுத்த இதழில்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி