செருகுநிரலை நிறுவினால் ஜாங்கோ ஏன் மாறுகிறது?

ஜாங்கோ 3.2-இல் ஓடும் தளத்துக்குச் சின்னதாக ஒரு செருகுநிரலை ‘பிப்’ மூலம் நிறுவுகிறீர்கள். முடிந்ததும் பார்த்தால் ஜாங்கோவே மாறியிருக்கிறது! ஏன்?

செருகுநிரலின் தேவைப் பட்டியல் ‘ஜாங்கோ 4.2 அல்லது அதற்கு மேல்’ என்று கேட்டிருக்கும். பிப்புக்கு வீட்டுக்காரர், விருந்தாளி என்ற வேறுபாடு தெரியாது, எல்லாமே பொதிகள்தான். பழையதை நீக்கிப் புதியதைப் போடும். அதுவும் 4.2-ஐ அல்ல, உங்கள் பைத்தானுக்குப் பொருந்தும் ஆகப் புதிய பதிப்பை. வம்பே இங்குதான்.

தடுப்பது எப்படி? ஜாங்கோவின் இப்போதைய பதிப்பு எண்ணை ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பில் எழுதி, நிறுவும் கட்டளையோடு கொடுங்கள். அந்தக் கோப்பு எதையும் நிறுவாது. எல்லை மட்டும் போடும். 2020-இல் வந்த 20.3 பதிப்பு முதல், பிப் அந்த எல்லைக்குப் பொருந்தும் பழைய செருகுநிரல் பதிப்பு உண்டா என்று தேடும். இல்லையென்றால் எதையும் தொடாமல் பிழை சொல்லி நிற்கும். நேரலைத் தளமென்றால், கோப்பின் முகவரியைச் சூழல் மாறியிலேயே வைத்துவிடுங்கள்.