கைக்கு எட்டியது குழிக்கு எட்டாதபோது

2012-ல் கலிஃபோர்னியாவில் நடந்த கிராஃப்ட் நபிஸ்கோ கால்ஃப் போட்டியின் கடைசி கிரீன். தென்கொரியாவின் கிம் இன்-கியுங்குக்கு மிச்சமிருந்தது ஓரடிக்குச் சற்றே கூடுதலான தூரம்தான். உள்ளே போனால் கோப்பை. பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்தது, பிளே-ஆஃபில் தோற்றார். இதையே தொழிலாகக் கொண்டவருக்கு இந்தக் கதி என்றால், வாரமெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறன்று கிளப் போட்டியில் இறங்கும் அமெச்சூர் எம்மாத்திரம்?

கை ஏன் சொன்னபடி கேட்பதில்லை

குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், பந்தினுடையது ஏறத்தாழ 43. இரண்டடியிலிருந்து பார்த்தால் தாராளமான வாசல். ஆனால் தவறினால் மானம் போகும் என்று மனம் முடிவு கட்டியதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும், பட்டர் மட்டையைப் பிடித்த விரல்கள் இறுகும். டிரைவர் மட்டையை ஓங்கி வீச இந்தப் படபடப்பு உதவினாலும் உதவும். ஆனால் கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டுக்கு விரலும் மணிக்கட்டும் அடங்கியிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, பழகிப்போன ஒன்றை அசைவு அசைவாகக் கண்காணிக்கத் தொடங்கினால் அது தடுமாறும். எந்தக் கால் முதலில் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கிப் பாருங்கள், தெரியும்.

எதிர்பார்ப்பையும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். பி.ஜி.ஏ. டூர் வீரர்களே எட்டடியிலிருந்து ஏறத்தாழ பாதி பட்டுகளைத் தவறவிடுகிறார்கள்.

கிம்மி என்னும் செல்லம்

அமெச்சூர்களின் இந்தப் பயத்தில் பெரும்பங்கு நண்பர்கள் கொடுத்தது என்பேன். நட்பு ஆட்டத்தில் பந்து இரண்டடிக்குள் நின்றால், "எடுத்துக்கப்பா" என்று விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதுதான் கிம்மி. மேட்ச் பிளேயில் விதியே இதற்கு இடம் தருகிறது. 1969 ரைடர் கோப்பையில் ஜாக் நிக்கலஸ் டோனி ஜாக்லினுக்கு விட்டுக்கொடுத்த பட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஸ்ட்ரோக் பிளேயில் அந்தப் பேச்சே கிடையாது. பந்து குழியில் விழுந்தாக வேண்டும். அதை முடிக்காமல் அடுத்த டீயில் அடித்துவிட்டால் தகுதியிழப்புதான். மாதமெல்லாம் அடிக்காத பட்டை போட்டி நாளில் மட்டும் அடி என்றால் கை எப்படி அடிக்கும்? தோற்றவர் காபி வாங்கித்தர வேண்டும் என்று சின்னதாகப் பந்தயம் கட்டி, நட்பு ஆட்டத்திலும் எல்லாப் பட்டையும் குழியில் போட்டே முடியுங்கள். படபடப்போடு அடிப்பதற்கும் அதுதான் பயிற்சி.

தவறிய பிறகு

பட் தவறியதால் போனது ஒரு ஸ்ட்ரோக். அந்தக் கோபத்தில் அடுத்த டீயில் ஓங்கி வீசி, பந்தை மரங்களுக்குள் தொலைத்தால்தான் நஷ்டம் கூடும். கிரீனிலிருந்து டீக்கு நடக்கும்போது மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடுங்கள். தாடையையும் தோளையும் தளர்த்துங்கள். தண்ணீர் குடியுங்கள், நான்கு மணி நேரம் வெயிலில் நடப்பவருக்குத் தாகமும் பசியுமே கைநடுக்கத்தைக் கூட்டும். ஆட்டத்தின் நடுவில் பட்டிங் முறையை மாற்றவே வேண்டாம். எப்படித் தவறியது என்று உடன் ஆடுபவருக்கு விளக்கவும் வேண்டாம், அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த பட்டுக்குக் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் ஆராய்ந்த விஷயம் இது: நன்றாகப் பட் செய்பவர்களின் பார்வை, அடிப்பதற்கு முன் இரண்டு மூன்று விநாடி பந்திலேயே அசையாமல் நிற்கிறது. பந்து உருண்ட பின்னும் தலை உடனே நிமிர்வதில்லை.

யிப்ஸ் என்றால்

பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டு தானாக வெட்டி இழுத்தால் அது வேறு சங்கதி. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கரை யிப்ஸ் பலமுறை படுத்தியது. பட்டரைப் பிடிக்கும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் வென்றார். சிலருக்கு இது பதற்றத்தின் உச்சம். வேறு சிலருக்கு டிஸ்டோனியா என்னும் நரம்புக் கோளாறு, எழுதும்போது மட்டும் கை இழுத்துக்கொள்ளும் நோயின் வகையைச் சேர்ந்தது. "தைரியமாக அடி" என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

நண்பர் சொன்னார் என்று ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு களமிறங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. கால்ஃப் போட்டிகளுக்கான ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் அந்த வகை மருந்துகள் இருக்கின்றன. டம்ளரைத் தூக்கும்போதும், பட்டன் போடும்போதும், கையெழுத்திடும்போதும் கை நடுங்கினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பட் அடிக்கையில் மட்டும்தான் இழுக்கிறது என்றால், யாரையாவது பக்கவாட்டில் நின்று செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவரின் அறையில் உட்கார்ந்திருக்கும்போது கை இழுத்துக் காட்டாது.