பருவ வழிபாடும் ஆன்மப் பண்புகளும்

சமயங்கள் யாவும் காலத்தைப் பகுத்துப் போற்றுவன. ஞாயிற்றின் செலவும், திங்களின் வளர்வு தேய்வும், விதைப்பும், அறுவடையும் விழாக்களுக்கு நிலைக்களங்களாயின. அவ்விழாக்களுக்குப் பொருள் தருவன அவ்வச் சமயத்தின் வரலாறுகளும் கோட்பாடுகளுமாம். ஆயின், எல்லோரும் ஏற்றே தீரவேண்டிய கோட்பாடென ஒன்றையும் வகுத்துக்கொள்ளாத சமயக் கூட்டத்தினர் விழாக் கொண்டாடுதல் யாங்ஙனம்? பொது நம்பிக்கை இல்லாவிடத்துப் பொது வழிபாடு நிலைபெறுமோ? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்வினாலே விடை காண முயல்வோர் யூனிற்றேரியன் யுனிவேர்சலிஸ்ற் எனப்படும் சமுதாயத்தினர்.

இச்சமுதாயம் இரண்டு கிளையாறுகள் கூடியதோர் ஆறு எனலாம். கடவுள் ஒருவரே என்று கொண்டு, திரித்துவக் கொள்கையை மறுத்தோர் யூனிற்றேரியர். ஐரோப்பாவிலே, திரான்சில்வேனியா நாட்டின் தோர்தா நகரிற் கூடிய அவை, 1568ஆம் ஆண்டில், போதகர்கள் தாம் உணர்ந்தவாறே போதிக்கலாம் என்றும், சமயத்தின் பொருட்டு எவரையும் துன்புறுத்தலாகாது என்றும் ஆணை பிறப்பித்தது. அவ்வாணைக்குத் துணை நின்ற பெரென்ற்ஸ் தாவீது என்னும் போதகர், தம்மை ஆதரித்த அரசன் இறந்தபின், சிறையிடப்பட்டு 1579ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் துறந்தார். மற்றைக் கிளையினரான யுனிவேர்சலிஸ்ற்றுக்கள், இறைவனின் அருள் எல்லையற்றதாதலின் ஈற்றில் எல்லா ஆன்மாக்களும் ஈடேறும் என்றும், முடிவில்லா நரகம் என்பது இல்லை என்றும் கொண்டவர்கள். அமெரிக்காவில் வேரூன்றிய இவ்விரு சபைகளும் 1961ஆம் ஆண்டில் ஒன்றாயின. இன்று இச்சபைகளிலே கிறித்தவர், பௌத்தர், கடவுளை நம்புவோர், நம்பாதோர் ஆகிய பல திறத்தாரும் ஒரே கூரையின் கீழ் அமர்கின்றனர்.

இவ்வியக்கம் நம்மவர்க்கு முற்றிலும் புதியதன்று. இராசா இராம்மோகன் ராய் அவர்களும் வில்லியம் அடம் என்னும் போதகரும் 1821ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே யூனிற்றேரியன் குழுவொன்றை நிறுவினர். இராம்மோகனர் 1828ஆம் ஆண்டில் பிரம்ம சபையைத் தொடங்குதற்கு முன்னர் நிகழ்ந்த சமயத் தேட்டத்தில் இக்குழுவுக்கும் ஓர் இடம் உண்டு. அசாமை அடுத்த காசி மலைகளிலே, ஹாஜோம் கிசோர் சிங் என்பார் 1887ஆம் ஆண்டில் தம் மக்களிடையே தொடங்கிய யூனிற்றேரியன் சபை இன்றும் நிலவுகின்றது.

கோட்பாட்டை முதன்மைப்படுத்தாத சமயம் எதனை முதன்மைப்படுத்தும்? பண்பையே என்பது இவர்தம் விடை. பொஸ்ரன் நகரப் போதகரான வில்லியம் எலெரி சானிங், 1838ஆம் ஆண்டில் தன்னைத்தான் பண்படுத்தல் பற்றி விரிவுரையொன்று ஆற்றினார். பண்படுத்தல் என்பது வளரச் செய்தலே, உயிருள்ளதே வளரும், ஆதலின் மனிதன் தன் உள்ளத்துள் வித்தாய்க் கிடக்கும் ஆற்றல்களை வளர்த்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. பண்பு என்பது பெற்றுக்கொள்ளும் பொருளாயின் அதற்கு ஒரு நாளே போதும். அது வளரும் பயிராயின் அதற்குப் பருவங்கள் வேண்டும். உழவும், காத்திருப்பும், களையெடுப்பும், அறுவடையும் வேண்டும். பண்பாட்டுச் சிந்தனையோடு பருவச் சிந்தனை பிணைந்தமைக்குக் காரணம் இதுவே. யூனிற்றேரியச் சூழலில் வளர்ந்த ஹென்றி டேவிட் தோறோ, காட்டுக் குளக்கரையில் இரண்டாண்டுகளுக்குச் சற்று மேலாக வாழ்ந்தவர். எனினும், 1854ஆம் ஆண்டில் வெளிவந்த தமது வால்டன் என்னும் நூலில் அக்காலத்தை ஒரே ஆண்டாகச் சுருக்கி, குளத்தின் பனி உருகும் இளவேனிலை நூலின் முடிவிற்கு அணித்தாக வைத்தார். உள்ளத்தின் விழிப்பைப் பருவத்தின் விழிப்பாகக் காட்டுதல் அவர் நோக்கமாயிற்று.

ஆயினும், சிந்தனை வேறு, சடங்கு வேறு. பொருளிழந்த சடங்கைக் கைவிடுதல் எளிது. அதனிடத்தில் யாதை வைப்பது என்பதே அரிய வினா. றால்ப் வால்டோ எமேர்சன் பொஸ்ரனில் யூனிற்றேரியப் போதகராயிருந்தபோது, அப்பமும் இரசமும் வழங்கும் இராப்போசனச் சடங்கைத் தம் மனச்சான்றுக்கு மாறாக நடத்தல் இயலாதெனக் கூறி, 1832ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்தார். அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்துக்குத் தொண்ணூறு ஆண்டுகளின்பின் வேறொரு நாட்டிலே ஒரு விடை கிடைத்தது.

செக்கோசிலோவக்கிய நாட்டின் பிராக் நகரிலே நோபேட் சாப்பெக் என்னும் போதகர் ஒரு சபையை நிறுவினார். அச்சபையினருட் பலர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வந்தவர்கள். பழைய சடங்கு அவர்களுக்கு உவப்பளிக்கவில்லை. சடங்கே இல்லாத வழிபாடும் நிறைவளிக்கவில்லை. இதனை உணர்ந்த சாப்பெக், 1923ஆம் ஆண்டு யூன் திங்களில், ஒவ்வொருவரும் ஒரு மலர் கொண்டுவருமாறு பணித்தார். மலர்கள் யாவும் ஒரு கலத்தில் வைக்கப்பட்டன. வழிபாட்டின் முடிவில், தாம் கொணர்ந்ததை விடுத்து மற்றொருவர் கொணர்ந்த மலரை ஒவ்வொருவரும் எடுத்துச் சென்றனர். தோட்டத்து மலரென்றும் வேலியோரத்து மலரென்றும் வேற்றுமை பார்க்கவில்லை. யார் தந்தது என அறியாத மலரை மதித்து ஏற்றலே அங்கு போதனையாயிற்று. அவர் துணைவியார் மாயா அம்மையார் 1940ஆம் ஆண்டில் இவ்வழிபாட்டை அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலே அறிமுகம் செய்தார்.

இன்று அமெரிக்கச் சபைகள் பலவற்றில் வழிபாட்டாண்டு கோடை விடுமுறையின்பின் செத்தெம்பர் அளவில் தொடங்குகின்றது. அப்பொழுது அன்பர்கள் தாம் சென்ற இடங்களிலிருந்து கொணர்ந்த நீரை ஒரே கலத்தில் ஊற்றுவர். இது 1980ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த பெண்கள் மாநாடொன்றில் முதன்முதல் நிகழ்ந்தது. இலையுதிர் காலத்தில் அறுவடை நன்றியறிதலும், திசெம்பரில் நீண்ட இரவின் நினைவும் நத்தார் வழிபாடும் வரும். மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் நத்தார்க் கொண்டாட்டம் 1659 முதல் 1681 வரை சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. அதே மண்ணிலேதான் எட்மண்ட் சியேர்ஸ் என்னும் யூனிற்றேரியப் போதகர், 1849ஆம் ஆண்டில், போரின் ஆரவாரத்தில் அமைதியின் குரலைச் செவிமடுக்க மறந்த மனிதரை எண்ணி நத்தார்ப் பாடலொன்று இயற்றினார். இளவேனிலில் புத்துயிர்ச் சிந்தனையும், கோடையின் வாயிலில் மலர் வழிபாடும் அமைய ஆண்டு நிறைவெய்தும்.

பருவங்களோடு பண்புகளும் இணைக்கப்படுகின்றன. சபைகள் பலவும் திங்களுக்கு ஒரு பொருளை, நன்றியறிதல், பொறுமை, நம்பிக்கை என்றவாறு தெரிந்து, அதனையே அத்திங்களின் சொற்பொழிவுக்கும் சிறுவர் வகுப்புக்கும் உரியதாக்குகின்றன. சிறு குழுக்களிலே ஒருவர் தம் அனுபவத்தைக் கூற, ஏனையோர் இடைமறியாது கேட்பர். மறுத்துரைத்தலும் இல்லை, திருத்த முயலுதலும் இல்லை. கேட்டலே அங்கு ஒரு பயிற்சியாம். சமுதாயம் முழுமைக்கும் 1985ஆம் ஆண்டில் ஏழு கொள்கைகள் அமைந்திருந்தன. 2024ஆம் ஆண்டில் அவற்றின் இடத்தில், அன்பை நடுவாகக் கொண்டு, ஒன்றையொன்று சார்ந்திருத்தல், பன்மை போற்றல், நீதி, மாற்றம், ஈகை, ஒப்புரிமை என்னும் ஆறு விழுமியங்கள் ஏற்கப்பட்டன. அம்மாற்றத்தை ஏலாது வாக்களித்தோரும் இருந்தனர். அவர்களைப் புறம்பாக்கும் நம்பிக்கை வாசகம் எதுவும் அங்கு இல்லை.

இத்தகைய வழிபாடு வெறும் அழகுணர்ச்சியேயன்றிச் சமயமாகாது என்பார் உளர். மலர் மாலையில் வாடும். நீர் கலத்தில் வற்றும். பண்பைப் புகழ்தல் யார்க்கும் எளிது என்பது அவர் வாதம். இவ்வாதம் தள்ளத்தக்கதன்று. கோட்பாட்டுக்கு உயிர் கொடுத்தாரைப் பல சமயங்களிற் காணலாம். பருவப் பூவுக்கு யார் உயிர் கொடுப்பர்? இதற்கு விடை வாதத்தில் இல்லை, வரலாற்றில் உண்டு. செருமானியர் பிராக் நகரைக் கைப்பற்றியபின், சாப்பெக் 1941ஆம் ஆண்டிற் சிறைப்பட்டார். டாக்காவு தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர் 1942ஆம் ஆண்டிற் கொல்லப்பட்டார். இனத்தால் மனிதரைத் தரம் பிரித்த ஆட்சிக்கும், எல்லா மலரையும் ஒரே கலத்தில் வைத்த வழிபாட்டுக்கும் உடன்பாடு காணுதல் இயலாததாயிற்று. 1965ஆம் ஆண்டில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மாட்டின் லூதர் கிங் விடுத்த அழைப்பை ஏற்று அலபாமா மாநிலத்துச் செல்மா நகருக்குச் சென்ற யேம்ஸ் றீப் என்னும் யூனிற்றேரியப் போதகர், வெள்ளையர் சிலரால் தெருவில் தாக்குண்டு, இரு நாட்களில் இறந்தார்.

ஆண்டுதோறும் ஒரே விழா மீண்டும் வருவது, அதனைக் கொண்டாடுவோன் முன்னிருந்தவாறே இருத்தற்கன்று. சென்ற ஆண்டு நின்ற இடத்துக்கும் இவ்வாண்டு நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தொலைவை அவன் அளந்து பார்த்தற்கே விழா மீள்கின்றது. கோட்பாடு உடைய சமயத்தார்க்கும் இவ்வளவுகோல் வேண்டற்பாலதே. கோட்பாட்டைக் காத்துப் பண்பை மறந்த விழா, கலம் இருந்தும் மலர் இல்லாததனை ஒக்கும். பண்பை நாவிற் போற்றி வாழ்விற் கைவிடும் விழாவோ, பிறர் தந்த மலரை வாயிலிலேயே எறிந்து செல்வதனை ஒக்கும்.